ரைஸ் குக்கரை வீட்டிலேயே வையுங்கள்

கேள்வி: மகன் செக் நாட்டில், பிர்னோ நகரத்தில் வேலை பார்க்கிறான். செப்டம்பர் கடைசியில் நானும் கணவரும் மூன்று வாரம் போகிறோம். பிராக் நகரத்தையும் பார்க்க ஆசை. நான் முட்டை வரை சாப்பிடுவேன். அவர் கோழி, மீன் சாப்பிடுவார். மாடு, பன்றி தொடமாட்டார். இருவருக்கும் குடிப்பழக்கம் கிடையாது. "இங்கே எங்கே திரும்பினாலும் பன்றியும் பீரும்தான். ரைஸ் குக்கரும் புளிக்காய்ச்சலும் எடுத்துட்டு வந்துடுங்க" என்கிறான் மகன். அவ்வளவு தூரம் போய்ப் புளிசாதம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பவா?
- வாசகி, கோவை

பதில்: உங்கள் மகன் சொல்வதில் பாதி உண்மை. அந்த ஊரில் 'ஹோஸ்போடா' என்று தெருவுக்குத் தெரு ஒரு கடை இருக்கும். சாப்பாடும் அங்கேதான், பீரும் அங்கேதான். ராத்திரி எட்டு மணிக்கு நுழைந்தால் மேஜைக்கு மேஜை பன்றி வறுவல், மாட்டுக்கறிக் குலாஷ், நுரை தள்ளும் கோப்பைகள். வேலை முடிந்து நண்பர்களோடு போகிற பையன் வேறெதைப் பார்ப்பான்? அதே கடைக்கு நீங்கள் வார நாளில் பகல் பதினொன்றரைக்குப் போங்கள்.

அந்த நேரத்துக்கென்று 'போலெட்னி மெனு' என்றொரு மதியப் பட்டியல் உண்டு. ஒரு சூப், நாலைந்து சாப்பாட்டு வகை. தினமும் மாறும், விலையும் குறைவு. ஆபீஸ்காரர்களும் ஓய்வு பெற்றவர்களும் வந்து சாப்பிட்டுவிட்டுச் சட்டென்று எழுந்துபோவார்கள். இரண்டு மணியோடு பெரும்பாலும் முடிந்துவிடும். நல்ல ஐட்டம் ஒரு மணிக்கே தீர்ந்துவிடும். சனி, ஞாயிறில் நிறையக் கடைகளில் இது கிடையாது. ஊர் சுற்றும் நேரத்தை இதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்கமான மெனு அட்டையில் 'பெஸ்மாசா யீட்லா' என்ற தலைப்பைத் தேடுங்கள். கறியில்லாத சாப்பாடு அதன் கீழே இருக்கும். உங்களுக்கு ஆச்சரியம் அங்கேதான். இனிப்பு என்றால் சாப்பாட்டுக்குப் பிறகு என்கிற கணக்கு செக்காரர்களிடம் செல்லாது. ரவையைப் பாலில் கிளறி, மேலே கொக்கோ தூளும் சர்க்கரையும் தூவி, உருக்கிய வெண்ணெய் ஊற்றி மதியச் சாப்பாடாகவே கொடுப்பார்கள். நூடுல்ஸில் அரைத்த கசகசாவும் சர்க்கரையும் போட்டுப் புரட்டித் தருவதும் உண்டு.

ஆனால் நீங்கள் தவறவிடக் கூடாதது 'ஓவோட்ஸ்னே க்னெட்லீக்கி'. நம் பூரணக் கொழுக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். ட்வாரோஹ் என்கிற பால்திரட்டோடு மாவு பிசைந்தோ, ஈஸ்ட் போட்ட மாவிலோ, உள்ளே ஒரு முழுப் பழத்தை வைத்து உருட்டி வேகவைப்பார்கள். நீங்கள் போகிற சமயம் பிளம்ஸ் காலம், அதையே கேளுங்கள். தட்டில் வரும்போது மேலே துருவிய ட்வாரோஹ், பொடித்த சர்க்கரை, அதன்மேல் சூடான வெண்ணெய் வழியும். முள்கரண்டியால் பிளந்தால் ஊதா நிறச் சாறு வெள்ளை மாவில் ஊறி இறங்கும். அவசரப்பட்டு முழுசாக வாயில் போடாதீர்கள். உள்ளே பழம் கொதித்துக்கொண்டிருக்கும். சில வீடுகளில் கொட்டையோடு வைப்பார்கள், பல் பத்திரம்.

உங்கள் வீட்டுக்காரருக்கு 'குர்ஷே நா பாப்ரிட்சே', அதாவது மிளகாய்த் தூளும் கிரீமும் சேர்ந்த குழம்பில் கோழி. காரம் இருக்காது, நிறம் மட்டும்தான். எல்லாரும் புகழ்கிற 'ஸ்விச்கோவா' அவருக்கு ஆகாது. காரட், செலரிக் கிழங்கையெல்லாம் வேகவைத்து அரைத்த அந்தக் கிரீம் குழம்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும், அது மாட்டுக்கறியோடு சேர்ந்து வெந்தது. குழம்பை மட்டும் கேட்டும் பயனில்லை. ஆனால் அதோடு வருகிற 'க்னெட்லீக்' கோழிக் குழம்போடும் வரும். கொரகொரப்பான கோதுமை மாவில் பழைய பன் துண்டுகளைப் போட்டுப் பிசைந்து, முழநீளத்துக்கு உருட்டி, கொதிநீரில் வேகவைத்து, நூலைச் சுற்றி இழுத்து வில்லை வில்லையாக அறுப்பார்கள். கத்தி பட்டால் அமுங்கிப்போகும். தனியாகத் தின்றால் சப்பென்றுதான் இருக்கும். குழம்பைத் துடைத்துச் சாப்பிடப் பிறந்த பண்டம் அது. மீன் வேண்டுமென்றால் வெண்ணெயில் வறுத்த டிரவுட் பல கடைகளில் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. கறியில்லை என்று எழுதியிருந்தாலும் சூப்பின் அடியில் எலும்புச் சாறு இருக்கலாம். முட்டைக்கோஸைப் பன்றிக் கொழுப்பில் வதக்கியிருக்கலாம். மூன்று சொற்களை மனப்பாடம் செய்யுங்கள்: மாஸோ என்றால் கறி, ஸ்லானினா என்றால் பேக்கன் எனும் உப்பிட்ட பன்றிக்கறி, சாட்லோ என்றால் பன்றிக் கொழுப்பு. இந்த மூன்றையும் சொல்லித் தலையை இடவலமாக ஆட்டினால் போதும், புரிந்துகொள்வார்கள். (நம் ஊர் ஆட்டல் வேண்டாம், குழம்பிப்போவார்கள்.) மெனுவில் 1, 3, 7 என்று பக்கத்தில் இருக்கும் எண்கள் ஒவ்வாமைக் குறியீடு: 1 என்றால் கோதுமை போன்ற தானியம், 3 முட்டை, 7 பால். கறி உண்டா இல்லையா என்பதை அந்த எண்கள் சொல்லாது.

இந்த மூன்று சொல்லையும் கேட்டுவிட்டு, இரண்டு பேரும் பங்குபோட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு அடையான 'ப்ராம்போராக்' வாங்கலாம். துருவிய உருளை, முட்டை, பூண்டு. அதோடு நம் பூக்கடையில் கதம்பத்தில் வைத்துக் கட்டுகிற மரு. அந்த வாசனை செக் சமையலில் எங்கும் வரும். புளித்த கிரீம், காளான், சதகுப்பை இலை, முட்டை எல்லாம் சேர்ந்த 'குலாய்டா' சூப்பும் அந்தப் பருவத்துக்கு ஏற்றது, சாறு எதில் வைத்தது என்று மட்டும் கேளுங்கள். ராத்திரியில் எதுவும் கிடைக்காத நாளுக்கு ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த சீஸ், 'ஸ்மாஷெனி ஸீர்', எந்தக் கடையிலும் இருக்கும். தினமும் வேண்டாம், வயிறு கல்லாகிவிடும்.

குடிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். பீர்க்கடை என்று தயங்காதீர்கள், குடும்பம் குட்டியோடு வந்து உட்காருகிற இடம்தான். 'கோஃபோலா' கேளுங்கள். 1960இல் கோலாவுக்கு மாற்றாக உள்ளூரிலேயே தயாரித்த பானம். லேசாக அதிமதுர வாசனை வரும், கோலா அளவுக்குத் தித்திக்காது; குழாயில் பிடித்துத் தருவது பாட்டிலைவிட நன்றாக இருக்கும். ஆல்கஹால் இல்லாத பீர் என்று தருவதில் சொட்டளவு இருக்கக்கூடும், உங்கள் கொள்கைக்கு அதையும் தவிர்த்துவிடலாம். பிர்னோ இருக்கும் மொராவியா வட்டாரத்தில் சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். இலையுதிர் காலத்தில் தெருவில் பாட்டிலில் விற்கும் 'புர்ச்சாக்' பழரசம் மாதிரியே இனிக்கும், ஆனால் அது பாதி நொதித்த ஒயின். 'மோஷ்ட்' என்று கேட்டால் நொதிக்காத சாறு கிடைக்கும்.

மகன் ஒரு கோப்பை பீர் எடுத்தால் கண்டுகொள்ளாதீர்கள். பலகையில் 10, 12 என்று பார்த்துப் பதறவும் வேண்டாம். அது ஆல்கஹால் சதவீதம் இல்லை. நொதிக்கும் முன் அந்தச் சாற்றில் கரைந்திருந்த மால்ட் சர்க்கரையின் அளவு. 12 என்றால் ஆல்கஹால் சுமார் 5 சதவீதம்தான். ஆனால் கார் ஓட்டி வந்திருந்தால் ஒரு வாய்கூடக் கூடாது, அங்கே சட்டம் பூஜ்யம் என்கிறது.

பிராக்கின் பழைய நகரத்தில் தணலில் சுற்றிச் சுட்டு, சர்க்கரையில் புரட்டி விற்கும் 'ட்ர்டெல்னீக்' சுருளைப் 'பழம்பெரும் செக் பண்டம்' என்று எழுதி வைத்திருப்பார்கள். நம்பாதீர்கள். ஸ்லோவாக்கியாவின் ஸ்கலிட்சா ஊருக்குத்தான் அதில் புவிசார் குறியீடு இருக்கிறது. பிராக்கில் அது சுற்றுலாப் பயணிகளுக்கான வியாபாரம். சுடச்சுட இருந்தால் ருசிதான், வாங்குவது உங்கள் இஷ்டம். அசல் குறியீட்டுப் பண்டம் வேண்டுமென்றால் பிர்னோவிலிருந்து ரயிலில் ஒலோமோட்ஸ் போய் 'ட்வாரூஷ்கி' சீஸைத் தொட்டுப் பாருங்கள். கொழுப்பு மிகக் குறைவு, வாடை மிக அதிகம். அங்கேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். மகன் வீட்டு ஃப்ரிட்ஜுக்குக் கொண்டுபோனால் உறவு கெடும்.

புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில் இருக்கட்டும், இரண்டாவது வாரம் நாக்கு கேட்கும். குக்கர் வேண்டாம், மகன் வீட்டுப் பாத்திரத்திலேயே சாதம் வடித்துக்கொள்ளலாம். சூப்பர் மார்க்கெட்டில் 'பீலி யோகர்ட்' என்றால் தயிர், 'போட்மாஸ்லீ' என்றால் மோர். நெய், பால்கோவா, கறிவேப்பிலைக் கட்டு இதெல்லாம் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அனுமதியில்லை, விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். திரும்பும் விமானம் துபாய் வழியாக என்றால், செக் கசகசா மலிவாக இருக்கிறதே என்று ஒரு பொட்டலம்கூட வாங்கி வைக்காதீர்கள். அங்கே அது தடைசெய்யப்பட்ட பொருள்.