சுமத்ராவில் பூமி அதிர்ந்தது, நாங்கள் எர்ணாவூருக்குப் போனோம்

நிலநடுக்கம் ஒரு நகரத்தின் மக்கள்தொகையையும் பிள்ளைகளின் படிப்பையும் தினசரிப் போக்குவரத்தையும் எப்படி மாற்றும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் வடசென்னையில் மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேட்டுக்காரன். எங்கள் பக்கம் பூமி ஆடி எந்த வீடும் விழவில்லை. ஆனாலும் எங்களை அங்கிருந்து கிளப்பியது ஒரு நிலநடுக்கம்தான். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணிக்கு சுமத்ரா பக்கம் கடலுக்கடியில் 9.1 அளவில் அதிர்ச்சி. இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகியிருக்கும், சுனாமித் தண்ணீர் எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டது. அப்பாவின் ஃபைபர் போட் கரையோரப் பாறாங்கல்லில் மோதிப் பிளந்து கிடந்தது. வலையும் எஞ்சினும் போய்விட்டன. வீட்டில் எல்லோரும் உயிரோடு இருந்தோம், அன்றைக்கு அது போதும் என்றிருந்தது.

முதலில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். அப்புறம் திருவொற்றியூர் கார்கில் நகரில் தற்காலிக வீடு. வெயில் நேரத்தில் உள்ளே உட்கார முடியாது, மழை வந்தால் வாசலில் தண்ணீர் நிற்கும். எர்ணாவூரில் மாடி வீடு கிடைத்தது சில வருடங்கள் கழித்துத்தான். கான்கிரீட் கூரை, உள்ளேயே கழிப்பறை. வீட்டைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கடல் இருந்த இடத்தில்தான் இருந்தது, மீன் ஏலமும் காசிமேட்டில்தான் நடந்தது.

அம்மா மீன் விற்பவர். பழைய வீட்டிலிருந்து ஏலம் கூவும் சத்தம் கேட்டு எழுந்து நடந்தே போவார். இடம் மாறியபிறகு இரண்டரை மணிக்கே எழுந்து, அன்னக்கூடையைத் தூக்கிக்கொண்டு, நாலைந்து பெண்களாகச் சேர்ந்து மெயின் ரோட்டில் ஷேர் ஆட்டோவுக்கு நிற்க வேண்டும். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் ரோடு அது. ஏழெட்டு கிலோமீட்டர் போக எவ்வளவு நேரமாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. திரும்பும்போது பஸ்ஸில் ஏறினால் "கூடைய எறக்குமா, நாறுது" என்பார்கள். அதனால் வரும்போதும் ஆட்டோதான். கூடைக்குத் தனிக் காசு. ஒருநாள் விற்ற சங்கரா மீனின் லாபத்தை அம்மா முந்தானையிலிருந்து எடுத்து எண்ணி, போகவர ஆட்டோவுக்குப் போனதைத் தனியாக வைத்துக் காட்டினார். மிச்சம் இருந்தது அதைவிடக் கொஞ்சம்தான் கூட.

படிப்பு கெட்டதும் இந்தப் பயணத்தால்தான். பக்கத்து வீட்டில் எட்டாவது படித்த பெண் ஒருத்தி. அவள் அம்மாவும் இரண்டரைக்குக் கிளம்பினால் திரும்ப மதியம் ஆகிவிடும். கைக்குழந்தையை யார் பார்ப்பது? காசிமேட்டில் என்றால் எதிர்வீட்டு ஆயா பார்த்துக்கொள்வார். அந்த ஆயாவுக்கு வேறு இடத்தில் வீடு ஒதுக்கிவிட்டார்கள். அந்தப் பெண் முதலில் வாரத்தில் ரெண்டு நாள் லீவு போட்டாள், அரைப்பரீட்சைக்கு அப்புறம் போகவே இல்லை. வாசலில் பள்ளிக்கூடம் இருந்தும் அவள் நின்றுபோனாள். என் தம்பி சின்ன வகுப்பு என்பதால் நடுவருடத்திலேயே டி.சி. வாங்கி மாற்றினார்கள். எனக்கு அடுத்த வருடம் பத்தாவது. என்னைத் தண்டையார்பேட்டையில் என் சொந்த ஆயா வீட்டில் விட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைதான் அம்மாவைப் பார்ப்பேன்.

அதனால் நீங்கள் கேட்ட மூன்றையும் தனித்தனியாகப் பார்க்காதீர்கள். வீடு எங்கே கொடுக்கிறார்கள் என்பது அம்மா எழுந்திருக்கும் நேரத்தை மாற்றுகிறது, அது பிள்ளையின் பள்ளிக்கூடத்தை மாற்றுகிறது.

மக்கள்தொகைக் கணக்கில் இதெல்லாம் தெரியாது. எங்களைப் போன்றவர்கள் நகரத்தைவிட்டுப் போகவில்லை, ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குத் தள்ளப்பட்டோம், அவ்வளவுதான். ஜப்பானின் கோபே நகரத்தைப் பாருங்கள். 1995 ஜனவரி 17 நிலநடுக்கத்துக்கு முன் அங்கே 15 லட்சம் பேர் இருந்தார்கள். சுமார் ஒரு லட்சம் குறைந்து, பழைய எண்ணிக்கைக்கு வர ஏறக்குறைய பத்து வருடம் ஆனது. ஆனால் தீயில் எரிந்த நகாதா வட்டாரத்துக்குப் பழைய கூட்டம் திரும்பவே இல்லை. தூரத்துத் தற்காலிக வீடுகளில் வயதானவர்கள் தனியாக இறந்து, பல நாள் கழித்துத் தெரியவந்தது. அதைப் படித்தபோது எனக்கு அந்த எதிர்வீட்டு ஆயாதான் நினைவுக்கு வந்தார்.

நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச்சில் 2011 பிப்ரவரி நிலநடுக்கத்துக்குப் பிறகு ஒரே கட்டடத்தில் காலையில் ஒரு பள்ளி, மதியம் இன்னொரு பள்ளி என்று ஷிஃப்ட் முறையில் நடத்தினார்கள். பிள்ளைகள் நகரத்தின் குறுக்கே பஸ்ஸில் போனார்கள். நிலம் சரியில்லாத பகுதிகளில் கிட்டத்தட்ட 8,000 வீடுகளை அரசே விலைகொடுத்து வாங்கியது. அங்கிருந்தவர்களில் பலர் ரோல்ஸ்டன் போன்ற பக்கத்து ஊர்களுக்குப் போய், அங்கிருந்து கார் ஓட்டி நகரத்துக்கு வேலைக்கு வந்தார்கள். பணக்கார நாடு, இழப்பீடும் கிடைத்தது. ஆனாலும் ரோடு நிரம்பிய கதை ஒன்றுதான்.

சென்னையையும் 2002-இல் நிலநடுக்க மண்டலம் இரண்டிலிருந்து, ஆபத்து கூடுதலான மூன்றுக்கு மாற்றிவிட்டார்கள். ராயபுரம், வண்ணாரப்பேட்டைச் சந்துகளில் ஒட்டி ஒட்டி நிற்கும் பழைய வீடுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான்: இவர்களுக்கு ஒன்று ஆனால் வீடு எங்கே கொடுப்பார்கள்?

2021-இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது. தம்பி இப்போது அதில்தான் வேலைக்குப் போகிறான், நிம்மதியாக இருக்கிறது என்கிறான். அம்மா இன்னமும் ஷேர் ஆட்டோதான். முதல் மெட்ரோ கிளம்புவதற்குள் காசிமேட்டில் நல்ல மீனெல்லாம் ஏலம் போயிருக்கும்.