அழுதா அவிசுவாசமா?

சிஸ்டர், அம்மா போய் ரெண்டு மாசமாகியும் அழுகை நிக்கல, அதுக்கு சபைல "உயிர்த்தெழுதல நம்புறவங்க இப்படி அழலாமா"ன்னு கேக்குறாங்கன்னு எழுதியிருந்தீங்க. அவங்க பைபிள்ல யோவான் 11 படிச்சதில்லையா என்ன? செத்துப்போன லாசருவ உயிரோட எழுப்பத்தான் போறோம்னு தெரிஞ்சே வந்த இயேசு, அவனோட சகோதரி மரியாள் அழுறதப் பாத்து அவரும் அழுதாரு. அப்போஸ்தலர் பவுலும் 1 தெசலோனிக்கேயர் 4:13ல துக்கமே படக்கூடாதுன்னு சொல்லல, நம்பிக்கை இல்லாதவங்க மாதிரி துக்கப்படாதீங்கன்னுதான் சொல்றாரு, அடுத்த வசனத்துலயே இயேசு மரிச்சு எழுந்தத காரணமா வைக்கிறாரு. 1 கொரிந்தியர் 15:26 மரணத்த கடைசி சத்துருன்னே சொல்லுது, சத்துரு அடிச்சா வலிக்காதா? (சபைல கேட்டவங்க நல்ல மனசோடதான் சொல்லியிருப்பாங்க, விடுங்க.) ஜெபிக்க வார்த்தை வரலன்னா சங்கீதம் 88 வாசிங்க, கடைசி வரி வரைக்கும் இருட்டுதான், ஆனா அதுவும் ஜெபம்தான்.