நைரோபியில் வீடு: தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம்?

கேள்வி: திருப்பூரில் கணக்காளராக இருந்த எனக்கு கென்யாவின் நைரோபியில் வேலை கிடைத்திருக்கிறது. அலுவலகம் இன்டஸ்ட்ரியல் ஏரியாவில். டிசம்பர் கடைசியில் ஒரு வாரம் போய் வீடு தேடினேன். இந்தியர்கள் நிறைய இருக்கும் பார்க்லேண்ட்ஸில் வாடகை அதிகம். புரோக்கர் ஊருக்கு வெளியே சியோகிமாவில் குறைந்த வாடகையில் பெரிய வீடு ஒன்றைக் காட்டினார். "எக்ஸ்பிரஸ்வேயில் இருபது நிமிஷம்" என்று சொல்லி, காரில் கூட்டிப் போயும் காட்டினார். சொன்னபடி இருபது நிமிஷம்தான் ஆனது. மனைவியும் ஏழு வயது மகளும் ஜனவரியில் வருகிறார்கள். எந்த வீட்டை எடுப்பது? கார் வாங்கியே ஆக வேண்டுமா? மட்டாட்டு என்கிற அந்த வேன்களில் என் மனைவி போய்வர முடியுமா?

பதில்: புரோக்கர் பொய் சொல்லவில்லை. டிசம்பர் கடைசி வாரத்தில் கூட்டிப் போனார், அவ்வளவுதான். பொங்கலுக்குச் சென்னை காலியாகுமே, அப்படித்தான் கிறிஸ்துமஸுக்கு நைரோபி காலியாகும். பாதி ஊர் சொந்த ஊருக்குப் பஸ் ஏறிவிடும். "உஷாகோ போயிருக்கிறார்" என்பார்கள். கிராமத்துக்குப் போயிருக்கிறார் என்று அர்த்தம். நீங்கள் பார்த்தது அந்தக் காலி ஊரை. ஜனவரியில் பள்ளிக்கூடம் திறக்கும் வாரத்தில் அதே சாலையில் காலை ஏழு மணிக்கு நின்று பாருங்கள். மார்ச் முதல் மே வரை பெருமழை வேறு. வேலை விஷயமாக அங்கே தங்கியிருந்தபோது, நானும் முதல் வீட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்துத்தான் பிடித்தேன். அந்த முட்டாள்தனத்துக்கு ஒரு வருட ஒப்பந்தம் முழுக்க விலை கொடுத்தேன்.

அந்த ஊரின் அமைப்பைக் கொஞ்சம் சொல்கிறேன். அது தெரிந்தால் வீட்டை நீங்களே தேர்ந்தெடுத்துவிடுவீர்கள்.

நைரோபி ரயிலுக்காகப் பிறந்த ஊர். மொம்பாசாவிலிருந்து உகாண்டா நோக்கிப் போட்ட ரயில் பாதை 1899-ல் இந்தச் சதுப்பு நிலத்தை எட்டியது. மலையேறும் முன் சரக்கையும் ஆட்களையும் சேர்த்துவைக்க ஒரு முகாம் போட்டார்கள். பாதை போட வந்தவர்களில் பெரும்பாலோர் பஞ்சாப் பக்கத்து ஆட்கள். வெள்ளையர் ஆட்சி மேற்கே உயரமான, குளிர்ச்சியான பகுதியை ஐரோப்பியர்களுக்கு வைத்துக்கொண்டது. பார்க்லேண்ட்ஸ், ஙாரா பக்கம் இந்தியர்கள், கிழக்கே ஆப்பிரிக்கர்கள் என்று பிரித்தது. நடுவே கடைவீதியும் அலுவலகங்களும். தண்டவாளத்துக்குத் தெற்கே தொழிற்சாலைகள். அதுதான் உங்கள் இன்டஸ்ட்ரியல் ஏரியா.

2019 கணக்கெடுப்பிலேயே ஊரில் ஏறக்குறைய 44 லட்சம் பேர். எலும்புக்கூடு மட்டும் மாறவில்லை. பெரிய சாலைகள் எல்லாம் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி நடுவூருக்கே வருகின்றன. ரயில் யார்டைத் தாண்டித் தெற்கே போக வழிகள் சில மட்டுமே. பார்க்லேண்ட்ஸ் வடக்கே இருக்கிறது, அலுவலகம் தெற்கே. வரைபடத்தில் சில கிலோமீட்டர்தான், ஆனால் தினமும் நடுவூரையும் தண்டவாளத்தையும் தாண்ட வேண்டும். ரவுண்டானாக்களில் சிக்னல் விளக்கு இருக்கும்; அதன் அடியிலேயே போலீஸ்காரர் நின்று கையால் வண்டிகளை விடுவார். அவர் ஒரு பக்கத்தைப் பிடித்து நிறுத்தினால் எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார வேண்டியதுதான்.

அதனால் என் முதல் கேள்வி வாடகை பற்றியது அல்ல. மகளுக்கு எந்தப் பள்ளி?

பள்ளி தெற்குப் பக்கம் கிடைத்தால் சவுத் பி, சவுத் சி என்ற இரண்டு குடியிருப்புகளைப் பாருங்கள். புரோக்கர் உங்களுக்குக் காட்டியிருக்க மாட்டார். நடுத்தர வர்க்கத்துப் பேட்டைகள். சவுத் பி உங்கள் அலுவலகப் பகுதியை ஒட்டியே இருக்கிறது. ஒன்றையும் தாண்ட வேண்டாம். ஒரே எச்சரிக்கை, இரண்டு பகுதியிலும் மழை நாளில் சில தெருக்களில் தண்ணீர் நிற்கும். 2024 ஏப்ரல் வெள்ளத்தில் பக்கத்திலுள்ள முக்குரு குடிசைப் பகுதி மோசமாக அடிபட்டது. மாடி வீடாக எடுங்கள், போன மழையில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று வாட்ச்மேனிடம் கேளுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள்.

பள்ளி பார்க்லேண்ட்ஸ் பக்கம் என்றால் வீடும் அங்கேதான். அலைச்சல் உங்களோடு போகட்டும். ஏழு வயதுக் குழந்தையை இருட்டோடு எழுப்பிப் பள்ளி வேனில் ஏற்றுகிற வீடுகளை நிறையப் பார்த்துவிட்டேன். குழந்தை வேனிலேயே தூங்கி, வேனிலேயே சாப்பிட்டு வளர்கிறது. எக்ஸ்பிரஸ்வே உண்மையில் உதவுவது இங்கேதான். 2022-ல் திறந்த இந்த 27 கிலோமீட்டர் சாலை ம்லோலோங்கோவில் தொடங்கி விமான நிலையம் வழியாக வெஸ்ட்லேண்ட்ஸ் வரை போகிறது. நடுவூரை ஒட்டிய பகுதியில் பாலமாக, ரவுண்டானாக்களின் தலைக்கு மேலேயே கடந்துவிடும். சீன நிறுவனம் கட்டிய சுங்கச் சாலை; தூரத்துக்கு ஏற்ற கட்டணம். போக, வர, மாதம் இருபத்திரண்டு நாள் என்று பெருக்கிப் பார்த்துவிட்டு வாடகையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கணக்காளருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சியோகிமாவ் என் பட்டியலில் கடைசி. அலுவலகத்துக்கு அது தொலைவானாலும் ஒரே பக்கம்தான், மறுக்கவில்லை. எக்ஸ்பிரஸ்வேயில் பறந்து வந்தாலும் இறங்கும் இடத்தில் கீழே நிற்கும் அதே வரிசையில்தான் சேர வேண்டும். அந்த ஊர் நைரோபி எல்லைக்கு வெளியே, மச்சாகோஸ் கவுன்டியில் (நம் மாவட்டம் மாதிரி) இருக்கிறது. இந்த வளரும் நகரங்களின் பெரிய சிக்கலே இதுதான். வீடுகள் எல்லை தாண்டி ஓடிவிடும். குடிநீரும் பஸ்ஸும் பின்னாலேயே நொண்டி வரும். குழாய்த் தண்ணீரா, போர்வெல்லா, லாரியா என்று கேட்காமல் அங்கே முன்பணம் கொடுக்காதீர்கள். அங்கேயே எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் ரயிலை நம்புங்கள். சியோகிமாவ் நிலையம் 2012-ல் திறந்தது. உங்கள் பக்கம் இறங்க இமாரா டைமா நிலையம் இருக்கிறது. காலையும் மாலையும் சில வண்டிகள் மட்டுமே. ஒன்றை விட்டால் சாலைதான்.

இனி மட்டாட்டு. முடியும், உங்கள் மனைவி தாராளமாகப் போகலாம். ஆனால் நம் ஊர் டவுன் பஸ் என்று நினைத்து ஏறினால் முதல் நாளே கோபம் வரும்.

'டாட்டு' என்றால் சுவாஹிலியில் மூன்று. அந்தக் காலத்தில் பத்து சென்ட் நாணயம் மூன்று கட்டணம், அதனால் வந்த பேர் என்பார்கள். 1973-ல் அதிபர் கென்யாட்டா உரிமம் இல்லாமலே ஓட அனுமதித்தார். அன்று தொடங்கியது இன்று ஊரையே சுமக்கிறது. வண்டி ஒருவருக்குச் சொந்தம். ஓட்டுநரும் கண்டக்டரும் தினம் இவ்வளவு என்று அவருக்குக் கட்டிவிட்டு, டீசல் போக மிச்சத்தை எடுத்துக்கொள்வார்கள். நம் ஊர் வாடகை ஆட்டோக் கணக்கேதான். இந்த ஒன்று புரிந்தால் எல்லாம் புரியும். காலை நெரிசலில் ஏன் சாலையோர மண்ணில் ஏறி ஓட்டுகிறான்? இன்னொரு நடை அடிக்கலாம். பதினொரு மணிக்கு ஏன் அரை மணி நேரம் நிற்கிறான்? கடைசி சீட் நிரம்பவில்லை. நிரம்பிய மாதிரி காட்டக் காசு கொடுத்து ஆட்களை உட்காரவைப்பதும் உண்டு. நீங்கள் ஏறியதும் அவர்கள் இறங்கிப் போவார்கள், நீங்கள் விழிப்பீர்கள்! மழை பெய்தால் கட்டணம் ஏறும். ஏறும் முன் கேட்டுவிட வேண்டும்.

2004-ல் போக்குவரத்து அமைச்சர் மிச்சுக்கி கொண்டுவந்த விதிகளால் சீட் பெல்ட்டும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் மஞ்சள் பட்டையும் வந்தன. மிச்சம் உங்கள் கண் முன்னால் இருக்கிறது. 2018 டிசம்பரில் நைரோபி கவுன்டியின் ஆளுநர் மட்டாட்டுகளை நடுவூருக்குள் வரக்கூடாது என்று தடுத்துப் பார்த்தார். ஊரே நடந்தது, தடை நிற்கவில்லை. மாற்றுப் பஸ் ஏதும் தராமல் இருப்பதைப் பிடுங்கினால் வேறென்ன நடக்கும்?

எந்த வண்டி எங்கே போகிறது என்று அரசிடம்கூட வரைபடம் இல்லாத காலம் இருந்தது. நைரோபி பல்கலைக்கழக மாணவர்கள் கைப்பேசியோடு வண்டி வண்டியாக ஏறி இறங்கித் தடங்களைப் பதிவு செய்தார்கள். அமெரிக்காவின் எம்ஐடியும் கொலம்பியா பல்கலைக்கழகமும் கூட்டு. 2014-ல் 130-க்கு மேற்பட்ட தடங்களோடு வரைபடம் வந்தது. பிறகு கூகுள் மேப்ஸிலும் ஏறியது. ஊருக்கு வெளியே உள்ள கிட்டெங்கெலாவுக்கு 110, ஙோங்குக்கு 111 என்று எண்கள் உண்டு. எண்ணைப் படித்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

உங்கள் மனைவிக்கு நான்கு விஷயம் சொல்லுங்கள். நிறுத்தத்துக்கு 'ஸ்டேஜ்' என்று பெயர். இறங்க "ஷுகிஷா" என்று குரல் கொடுக்க வேண்டும். சில்லறை இல்லாவிட்டால் கைப்பேசியில் பணம் அனுப்பும் எம்-பெசாவில் கட்டணம் வாங்கிக்கொள்வார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து போனை எடுக்கக் கூடாது. சாலையில் நிற்பவன் கை விட்டுப் பறிப்பான். இருட்டிய பிறகு ஊபரோ போல்ட்டோ போதும். போடா போடா என்கிற பைக் டாக்ஸியில் மட்டும் மகளை ஏற்ற வேண்டாம்.

கார்? முதல் ஆறு மாதம் வேண்டாம். நம் ஊர் போலவே இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள், ஜப்பானிலிருந்து வரும் பழைய கார்கள் தாராளமாகக் கிடைக்கும் (எட்டு வயதுக்கு மேற்பட்டதை இறக்குமதி செய்ய முடியாது). ஆசை வரும். ஆனால் கார் கையில் இருந்தால் தூரமான வீடும் பரவாயில்லை என்று மனம் சொல்லத் தொடங்கும். சியோகிமாவில் குடியேறிய என் நண்பர்கள் பாதிப் பேர் அப்படித்தான் போனார்கள்.

சவுத் பி-யில் வீடு அமைந்தால் நீங்கள் நடந்தே போகலாம். காலை ஆறரைக்கு முக்குருவிலிருந்து தொழிற்சாலைகளுக்கு ஆட்கள் வரிசை வரிசையாக நடப்பதைப் பார்ப்பீர்கள். மழை நாளில் சேற்றில் ஒரு ஜோடி செருப்பு, கேட் வந்ததும் பையிலிருந்து எடுக்கும் ஷூ ஒரு ஜோடி. ஊரின் பயணங்களில் ஏறக்குறைய 40 சதவீதம் இப்படி நடந்தேதான் நடக்கிறது, நடைபாதைதான் இல்லை. நீங்களும் இரண்டு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பணம் இன்னும் கொடுக்கவில்லையே? ஜனவரி முதல் இரண்டு வாரம் அலுவலகத்துக்கு அருகே ஒரு அறை எடுத்துத் தங்குங்கள். பள்ளி திறந்த பிறகு வருகிற ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஆறே முக்காலுக்கு அந்தச் சியோகிமாவ் வீட்டு வாசலிலிருந்து கிளம்பிப் பாருங்கள். புரோக்கரையும் காரில் ஏற்றிக்கொள்ளுங்கள்.