வியன்னாவில் அரை கிலோ கேட்டேன்

டிசம்பரில் நானும் வீட்டுக்காரரும் 18 நாள் ஐரோப்பா போய்வந்தோம். மகள் வியன்னாவில் வேலை பார்க்கிறாள். அவள் வீட்டில் பெட்டியை வைத்துவிட்டு பிராக், மாட்ரிட், லிஸ்பன் என்று சுற்றினோம். போன இதழில் இதைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அரண்மனை, தேவாலயம் பற்றியெல்லாம் ஒருவரும் கேட்கவில்லை. வந்த கடிதம் அத்தனையும் தின்பண்டம் பற்றித்தான். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டியவர் மகள் என்று எப்போதோ இந்தப் பக்கத்தில் எழுதித் தொலைத்ததன் பலன்.

அங்கே இனிப்பெல்லாம் நம்மூர் மாதிரி திகட்டத் திகட்ட இருக்குமா? – வாசகர், திருநெல்வேலி

அல்வா ஊர்க்காரர் கேட்கிறீர்கள், உள்ளதைச் சொல்கிறேன். உங்களுக்கு அது இனிப்பாகவே தெரியாது.

போன மறுநாளே ஒரு கேக் கடைக்குள் நுழைந்து, "அரை கிலோ கொடுக்கச் சொல்லு" என்று மகளிடம் சொன்னேன். கண்ணாடிக்குப் பின்னால் நின்ற பெண் என்னைப் பார்த்தாள், கேக்கைப் பார்த்தாள், "எத்தனை துண்டு?" என்றாள். கேக் அங்கே துண்டுக் கணக்கு. ஆளுக்கு ஒன்று, தட்டில், முள்கரண்டியோடு. எடை போட்டுத் தருவது சின்னச் சின்ன பிஸ்கட் வகைகளைத்தான். அதற்கும் ஆஸ்திரியாவில் ஒரு தனி அளவு வைத்திருக்கிறார்கள். பத்து கிராம் ஒரு 'டேக்கா'. இருபது டேக்கா என்றால் 200 கிராம். கிலோவில் கேட்டால் வீட்டில் கல்யாணமா என்று பார்க்கிறார்கள்.

சர்க்கரையும் கை நடுங்கித்தான் போடுகிறார்கள். சாக்லேட் கேக்கோடு ஒரு குன்று மாதிரி அடித்த கிரீம் வைத்தார்கள். வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு, "சர்க்கரை போட மறந்துட்டாங்க போல" என்று காதில் சொன்னார். மறக்கவில்லை, அது அப்படித்தான். கேக்கின் இனிப்பை அந்தக் கிரீம் தணிக்க வேண்டும் என்பது கணக்கு. நாம் மைசூர்பாகுக்குப் பிறகு ஒரு கை மிக்சர் அள்ளுவோமே, அந்த வேலையை அங்கே கிரீம் செய்கிறது.

வியன்னாவில் ஒரு கேக்குக்காகக் கோர்ட்டில் கேஸ் நடந்ததாமே, உண்மையா? – வாசகர், கரூர்

உண்மை. அந்தக் கேக்தான் மேலே சொன்னது: ஸாகர் டோர்ட்டே. 1832இல் மெட்டர்னிக் என்ற பெரிய மந்திரி வீட்டு அடுக்களையில், தலைமைச் சமையல்காரர் படுத்துவிட, 16 வயது எடுபிடிப் பையன் ஃபிரான்ஸ் ஸாகர் செய்துவைத்தது என்று சொல்கிறார்கள். அவர் மகன் எட்வார்டு, டெமல் என்ற பழைய மிட்டாய்க் கடையில் தொழில் பழகினார். பிறகு 1876இல் தன் பெயரில் ஹோட்டல் திறந்தார். ஆக ஒரே கேக்குக்கு இரண்டு வீடு. இருவரும் 'ஒரிஜினல்' என்றால்? 1954இல் வழக்குப் போட்டு, 1963இல்தான் சமரசம் ஆனார்கள். 'ஒரிஜினல்' என்ற சொல் ஹோட்டலுக்கு. 'எட்வார்டு ஸாகர் டோர்ட்டே' என்ற பெயர் டெமலுக்கு.

சண்டையில் பெரிய விஷயமாகப் பேசப்பட்டது என்ன தெரியுமா? பாதாமி ஜாம். ஹோட்டல்காரர்கள் கேக்கை நடுவில் அறுத்து அங்கே ஒரு பூச்சு, சாக்லேட் மூடிக்கு அடியில் இன்னொரு பூச்சு வைக்கிறார்கள். டெமலில் நடுப்பூச்சு கிடையாது, மேலே மட்டும்தான். சாக்லேட் முத்திரையும் ஹோட்டலில் வட்டம், டெமலில் முக்கோணம்.

சிரிப்பாக இருக்கிறதா? எங்கள் ஊர் பஸ் நிலையத்தைச் சுற்றி எத்தனை 'ஒரிஜினல்' பலகை என்று எண்ணிவிட்டுச் சிரியுங்கள். 2019இல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அப்பா இல்லை. இருந்திருந்தால், "குறியீடு கெடக்கட்டும், பாலுக்கு எவ்வளவு சர்க்கரைன்னு எழுதியிருக்கானா?" என்று கேட்டிருப்பார்.

இரண்டு இடத்திலும் தின்று பார்த்தேன். ஹோட்டலில் ஒரு துண்டு பத்து யூரோவுக்குப் பக்கம், நம் காசுக்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய். கொஞ்சம் உலர்ந்த கேக்தான், நடுவில் இருக்கும் ஜாம் காப்பாற்றுகிறது. இருந்தாலும் மனம் டெமலில்தான் நின்றது. காரணம் கேக் இல்லை. கடையின் உள்ளே கண்ணாடிச் சுவருக்கு அந்தப்புறம் அவர்கள் வேலை செய்வதை நின்று பார்க்கலாம். ஒருவர் சாக்லேட் பாகைக் கேக் மேல் ஊற்றி, தட்டைக் கத்தியால் இரண்டே இழுப்பு இழுத்து விட்டுவிட்டார். மூன்றாவது இழுப்பு இழுத்தால் பாகு இறுகிக் கோடு விழும். அது தெரிந்த கை. அப்பா துடுப்பை எடுக்கும் நேரத்தை எப்படித் தெரிந்துகொள்வார் என்று கேட்டால், "சத்தம் மாறும்" என்பார். அந்தக் கண்ணாடி முன்னால் கால் மணி நேரம் நின்றேன். வீட்டுக்காரர் கடைவாசலில் குளிரில் நின்றார்.

நாங்கள் முட்டை சேர்க்க மாட்டோம். எங்களுக்கு அங்கே என்ன கிடைக்கும்? – வாசகி, கும்பகோணம்

கேக் என்றால் முட்டை, அதில் சந்தேகமே வேண்டாம். மேலே சொன்ன கேக்கும் முட்டையில்தான் எழும்பி நிற்கிறது. ஆனால் பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

முதலில் ஒரு உபாயம். ஒவ்வாமை தரும் 14 பொருள்களில் எது சேர்ந்திருந்தாலும் வாடிக்கையாளருக்குச் சொல்லியாக வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பரிலிருந்து சட்டம் இருக்கிறது. பொட்டலத்துக்கு மட்டுமல்ல, உணவகத் தட்டுக்கும் இது உண்டு. ஆஸ்திரியாவில் மெனு அட்டையில் பண்டத்தின் பெயருக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஆங்கில எழுத்துகள் இருக்கும். 'ஏ' கோதுமை வகை, 'சி' முட்டை, 'ஜி' பால். 'சி' இல்லாததைத் தேடுங்கள். இரண்டாம் நாளே நான் கண்ணாடி போட்டுக்கொண்டு ரேஷன் கார்டு பார்ப்பதுபோல் மெனு பார்க்கப் பழகிவிட்டேன். ஜெலட்டின் மட்டும் இந்தப் பட்டியலில் வராது, பார்த்துக்கொள்ளுங்கள். மெத்தென்ற மிட்டாய், ஆடிக்கொண்டிருக்கும் புட்டிங் வகைகளில் அது இருக்கும், விலங்கிலிருந்து எடுப்பது.

மாட்ரிட் போனால் சுர்ரோ சாப்பிடுங்கள். மாவு, தண்ணீர், உப்பு, அவ்வளவுதான் பழைய முறை. நட்சத்திர ஓட்டை வைத்த அச்சில் பிழிந்து எண்ணெயில் பொரிக்கிறார்கள். முள்ளு முறுக்கேதான், சுற்றாமல் நீளமாக விட்டிருக்கிறார்கள்! புவெர்த்தா தெல் சோல் சதுக்கத்துக்குப் பக்கத்துச் சந்தில் 1894 முதல் சான் ஹினேஸ் என்ற கடை இருக்கிறது, ராத்திரி பகல் திறந்திருக்கும். கெட்டியான சூடு சாக்லேட் ஒரு கோப்பை தருவார்கள், அதில் தோய்த்துத் தின்ன வேண்டும். குடிக்கிற சாக்லேட் என்று நினைத்து வீட்டுக்காரர் கோப்பையை வாய்க்குச் சாய்த்தார், அது வரவில்லை. கூழ் பதம். பக்கத்து மேசையில் ராத்திரி முழுக்க ஆடிவிட்டு வந்த பிள்ளைகள், இந்தப் பக்கம் காலைப் பலகாரத்துக்கு வந்த நாங்கள், இரண்டு கூட்டத்துக்கும் அதே தட்டு.

வியன்னாத் தெருவில் டிசம்பரில் சுட்ட கஷ்கொட்டை விற்பார்கள், காகிதப் பொட்டலத்தில். சர்க்கரைவள்ளிக் கிழங்கு ருசி. கையும் சூடாகும்.

சாருக்குச் சர்க்கரை உண்டு என்று எழுதியிருந்தீர்கள். எப்படிச் சமாளித்தார்? – வாசகர், கோயம்புத்தூர்

நாளைக்கு ஒரு துண்டு, இரண்டு பேருக்கும் சேர்த்து. முதல் வாய் அவருக்கு, மிச்சம் எனக்கு. இது எங்கள் வீட்டு ஏற்பாடு, வைத்தியம் இல்லை. உங்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். மாத்திரையையும் சீட்டையும் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டியில் வேண்டாம்.

பிராக்கில் புகைபோக்கி மாதிரி ஒரு பண்டத்துக்குள் ஐஸ்கிரீம் வைத்துத் தருகிற ரீல்ஸ் பார்த்தேன். சாப்பிட்டீர்களா அக்கா? – கல்லூரி மாணவி, மதுரை

சாப்பிட்டேன் தங்கச்சி, கோட்டும் சாப்பிட்டது.

அதன் பெயர் டிர்டெல்னிக். மாவைக் கயிறாகத் திரித்து உருளையில் சுற்றி, தணலில் உருட்டிச் சுட்டு, சர்க்கரையிலும் பருப்புத் தூளிலும் புரட்டுகிறார்கள். சுடும்போது வரும் வாசனைக்குத் தெருவே மயங்கும். 'பழைய பொஹீமியப் பலகாரம்' என்று பலகை எழுதியிருக்கும் (பொஹீமியா என்றால் பிராக் இருக்கும் சீமை), நம்பாதே. பிராக்கில் அது தெருவுக்குத் தெரு முளைத்தது சுற்றுலாக் கூட்டம் பெருகிய இந்த இருபது, இருபத்தைந்து வருஷத்தில்தான். புவிசார் பாதுகாப்பு வாங்கி வைத்திருப்பது பக்கத்து நாடான ஸ்லோவாக்கியாவில் ஸ்காலிட்சா என்ற ஊர். ஹங்கேரிக்காரர்களும் வேறு பெயரில் இதையே செய்கிறார்கள்.

வெறும் டிர்டெல்னிக் சூடாகத் தின்றால் நன்றாகத்தான் இருக்கிறது. நான் ரீல்ஸ் பார்த்த பிள்ளைகள் சொல்கேட்டு ஐஸ்கிரீமோடு வாங்கினேன். அது இரண்டு பக்கமும் திறந்த குழாய் என்பது அப்போது மூளைக்கு எட்டவில்லை. சூடு குழாய்க்குள் ஐஸ்கிரீம், கீழே ஓட்டை. மகளிடம் இரவல் வாங்கிய கோட்டு. விலையை உன் அம்மாவிடம் சொல்ல மாட்டேன் என்றால் சொல்கிறேன், வேண்டாம் விடு.

அந்த ஊர்க்காரர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட வேண்டுமானால், சாதாரண மிட்டாய்க் கடைக்குள் போய் 'வெட்ர்னிக்' கேள். காற்றாடி என்று அர்த்தம். உப்பிய பன் மாதிரி ஒன்று, உள்ளே கிரீம், தலையில் காய்ச்சிய சர்க்கரைப் பாகு. கீழே ஒழுகாது.

போர்த்துக்கீசர் எங்கள் ஊரில் கறுவாவுக்காக வந்தவர்கள். அவர்கள் தலைநகரத்தில் அதன் வாசம் இன்னும் இருக்கிறதா? – வாசகி, நீர்கொழும்பு

எனக்கு வந்த கேள்விகளில் இதுதான் என்னை எழுந்து உட்கார வைத்தது. எங்கள் பக்கம் பட்டை என்போம், நீங்கள் கறுவா என்கிறீர்கள். இருக்கிறது அம்மா, மேசை மேலேயே இருக்கிறது.

லிஸ்பனில் பெலெம் என்ற பகுதிக்கு 15ஆம் எண் டிராமில் போனோம். அங்கே ஜெரோனிமோஸ் மடம். பக்கத்தில் நீலமும் வெள்ளையுமாக ஓடு பதித்த ஒரு கடை, 1837 முதல் இருக்கிறது. விற்பது முக்கியமாக ஒரே பண்டம்: உள்ளங்கை அகலத்தில் முட்டைப் பால்கூழ் வைத்த கிண்ணம், பஷ்டேல். மடத்துக் கைப்பக்குவம். 1834இல் மடங்களை மூடிவிட்டபோது அந்தக் குறிப்பு வெளியே வந்தது என்பது கதை. மடங்களில் வெள்ளைக்கருவை உடுப்புக்குக் கஞ்சியாகப் போட்டுவிட்டு, மீந்த மஞ்சள்கருவில் பலகாரம் செய்தார்களாம். நாம் சோற்றுக் கஞ்சியில் வேட்டி முறுக்கியவர்கள், அவர்களுக்கு முட்டை.

வெளியே நீளும் வரிசை பார்சலுக்கு. அதைத் தாண்டி உள்ளே போனால் அறைக்குள் அறையாக மேசைகள், பத்து நிமிடத்தில் இடம் கிடைத்தது. ஒன்று ஏறக்குறைய ஒன்றரை யூரோ. சூடாக வந்தது. மேல்தோலில் அங்கங்கே கரும்புள்ளி. பாலை அடிப்பிடிக்க விட்டால் அன்றைய கொப்பரை முழுவதும் வீண் என்று அப்பா அடுப்பை விட்டு நகர மாட்டார். இங்கே அந்தக் கருகல்தான் பதம்! கடித்தால் ஓரம் ஏடு ஏடாக நொறுங்கி மடியில் விழுகிறது. உள்ளே இளஞ்சூட்டில் கூழ். அப்புறம் மேசையில் இரண்டு தூவல் டப்பி: ஒன்றில் சர்க்கரைப் பொடி, ஒன்றில் உங்கள் கறுவா. முதல் பஷ்டேல் தூவாமல், இரண்டாவது தூவி. தூவியதுதான் சரி. மூன்றாவதுக்கு வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் எழுந்துவிட்டேன்.

பக்கத்து மடத்துக் கோயிலில் வாஸ்கோ ட காமா கல்லறை இருக்கிறது. 1498இல் கோழிக்கோட்டுப் பக்கம் வந்து இறங்கினாரே, அவர்தான். இலங்கைக்கு அவர்கள் வந்தது 1505இல். மிளகும் கறுவாவும் ஏற்றிப்போன ஆள் அங்கே கல்லில் கைகூப்பிப் படுத்திருக்கிறார், கொஞ்ச தூரத்தில் டப்பியில் கறுவா இலவசம். உங்கள் பக்கத்தில் போலோ ஃபியாடோ என்று முந்திரிப் பருப்பு அடுக்கிய கேக் இன்னும் செய்கிறீர்கள், இல்லையா? அதுவும் இந்தக் கப்பலில் வந்ததுதான். நாங்கள் சாவியும் ஜன்னலும் அலமாரியும் வாங்கிக்கொண்டோம், சொல்லாக. லிஸ்பனில் அறைச் சாவியை நீட்டிய பையன் 'ஷாவ்' என்றபோது நான் 'சாவி' என்றேன். அவன் தலையாட்டினான்.

மகளுக்குப் பால்கோவா கொண்டுபோனீர்களா? – வாசகர், சாத்தூர்

கொண்டுபோகக் கூடாது. பாலில் செய்ததையும் இறைச்சியையும் வெளிநாட்டிலிருந்து பயணிகள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எடுத்துச்செல்லத் தடை இருக்கிறது. பால்கோவா கிண்டியவர் பேத்திக்கு ஒரு விரல் பால்கோவா கிடையாது! உங்கள் பக்கத்துக் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்தான் போயிற்று, ஒரு தகர டப்பா நிறைய.

மகள் வீட்டுக்கு எதிர்வீட்டில் ஒரு பாட்டி, எண்பது வயது இருக்கும். டப்பாவோடு போய் நின்றேன். உள்ளே கூப்பிட்டு, பூப்போட்ட தட்டில் ஒரே ஒரு துண்டை வைத்து, பக்கத்தில் சின்ன முள்கரண்டி வைத்தார். குத்தினார், வழுக்கியது. மறுபடி குத்தினார், துண்டு மேசைக்குப் போயிற்று. என்னைப் பார்த்தார், கரண்டியைத் தள்ளி வைத்தார், கையால் எடுத்துக் கடவாயில் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை, பேச எங்களுக்கு ஒரு பாஷையும் இல்லை, அவர் வாயும் காலியில்லை. டப்பாவை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

ஊருக்குக் கிளம்பும் அன்று காலையில் மணி அடித்தது. பாட்டி, என் தகர டப்பாவோடு. வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரவில்லை. உள்ளே வெண்ணெயும் பாதாம் பொடியும் பிசைந்து பிறை வடிவில் சுட்டு, வனிலா சர்க்கரையில் புரட்டிய கிறிஸ்துமஸ் பிஸ்கட். முட்டை போட்டீர்களா என்று மகளை விட்டுக் கேட்டேன், கும்பகோணத்து வாசகிக்காக. இல்லையாம். வாயில் வைத்ததும் மாவாய் உதிர்ந்தது. எண்ணிப் பார்த்தேன், பதினொன்று.