காசிருக்கும்போது எந்தக் கடை? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி (திருமங்கலம் வாசகி): எங்கள் தெருமுனையில் 30 ஆண்டுகளாக ஓர் அண்ணாச்சி கடை இருக்கிறது. இப்போது பேருந்து நிலையத்துக்கு அருகில் பெரிய சூப்பர் மார்க்கெட் வந்துவிட்டது. அங்கே சோப்பு, பற்பசை, பாக்கெட் எண்ணெய் எல்லாம் 3, 4 ரூபாய் குறைவு. உள்ளூர்க் கடையைக் கைவிடக் கூடாது என்கிறார் என் கணவர். வீட்டு வரவுசெலவைப் பார்ப்பவள் நான். கூடுதல் விலை கொடுத்து வாங்குவதுதான் ஆதரவா?

பதில்: இல்லை. சோப்பையும் பற்பசையையும் நிறுவனத்திடமிருந்து நேரடியாக லாரிக்கணக்கில் எடுப்பவரோடு, மதுரை கீழமாசி வீதி மொத்தக் கடையில் பெட்டிக்கணக்கில் எடுப்பவர் விலையில் போட்டியிட முடியாது. அந்த 3 ரூபாயை மிச்சப்படுத்துவதற்காக நீங்கள் குற்றவுணர்வு கொள்ள வேண்டியதில்லை. ஆனால் மிளகாய் வற்றல், புளி, நிலக்கடலை, செக்கு எண்ணெய், பேரையூர், தே.கல்லுப்பட்டிப் பக்கத்துக் கரிசல் காடுகளில் விளையும் குதிரைவாலி போன்ற பொருள்களை இரண்டு இடங்களிலும் வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள். இவற்றில் விலை வேறுபாடு பெரும்பாலும் அவ்வளவு இராது. அண்ணாச்சியிடம் புளியைப் பிய்த்துப் பார்த்து வாங்கலாம், கொட்டை மிகுதியாக இருந்தால் மறுநாள் கொண்டுபோய்ச் சண்டையும் போடலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அண்ணாச்சியின் கல்லாவுக்குப் பக்கத்தில், அட்டை கிழிந்து, நூலில் பென்சில் கட்டித் தொங்கும் ஒரு நீள நோட்டு இருக்கும். அதில் ஒரு குடும்பத்தின் பக்கத்தைப் புரட்டினால், மாதத்தின் முதல் 10 நாள்களில் ஒரு வரிகூட இல்லாமல், 18ஆம் தேதியிலிருந்து தினமும் அரைக் கிலோ சர்க்கரை, கால் லிட்டர் எண்ணெய் என்று கடன் ஏறிக்கொண்டே போவதைப் பார்க்கலாம். கையில் காசிருக்கும்போது பெரிய கடை, காசு தீர்ந்தபின் அண்ணாச்சி கடை என்பதுதான் அதன் பொருள். மொத்தக் கடைக்காரர் அவருக்குக் கொடுத்திருக்கும் தவணையோ ஒரு நாளும் தள்ளிப்போவதில்லை. நம்முடைய கடனுக்கு அவர் வெளியில் வட்டி கட்டுகிறார். நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படிச் செய்தவன்தான். கடைக்காரர் முகம் கோணாமல் எழுதிக்கொண்டதால் அது தவறு என்றே எனக்கு அப்போது தோன்றவில்லை. ஆகவே உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்: மாதச் சாமானில் எந்தப் பகுதியை அண்ணாச்சியிடம் வாங்குவது என்று முடிவு செய்து, அதை மாதத் தொடக்கத்திலேயே ரொக்கத்துக்கு வாங்குங்கள். அவர் கொள்முதலுக்குப் போகும் நாளில் அந்தப் பணம் கையில் இருந்தால் அதுவே பெரிய உதவி.

கேள்வி (மதுரை அண்ணா நகர் வாசகர்): உழவர் சந்தையில் உட்கார்ந்திருப்பவர் உண்மையான உழவரா, வியாபாரியா என்று எப்படி அறிவது? அங்கே பேரம் பேசலாமா?

பதில்: தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை, 1999 நவம்பர் 14 அன்று, உங்கள் அண்ணா நகரில்தான் திறக்கப்பட்டது. நிலமும் சாகுபடியும் சரிபார்க்கப்பட்ட உழவருக்கு அடையாள அட்டை உண்டு. கடைக்கு வாடகை இல்லை. தராசும் சந்தையிலேயே கொடுக்கப்படுகிறது. அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை என்றாலும், காய்கறி வாங்கப் போன இடத்தில் விசாரணை அதிகாரியைப் போல் நிற்பது எனக்குப் பிடிப்பதில்லை.

காயைப் பார்த்தே பெரும்பாலும் தெரிந்துகொள்ளலாம். தன் தோட்டத்துக் காயைக் கொண்டுவருபவரிடம் இரண்டு, மூன்று வகைதான் இருக்கும். கத்தரிக்காயும் வெண்டையும் இருக்கும், கூடவே ஒரு கட்டுக் கீரை இருக்கும். முந்தைய நாள் மாலையோ அன்று விடியற்காலையோ பறித்த கத்தரிக்காயின் காம்பு பச்சையாக இருக்கும், அதிலுள்ள முள் விரலில் குத்தும். கேரட் மதுரைச் சமவெளியில் விளைவதில்லை, மலையிலிருந்து வருவது. எனவே ஒருவரே கேரட்டும் கத்தரியும் மாங்காயும் 12 வகை காய்களுமாகப் பரப்பி வைத்திருந்தால், இன்று எதைப் பறித்தீர்கள் என்று பேச்சுக்குக் கேட்டுப் பாருங்கள். உழவர் என்றால் காயை விட்டுவிட்டு மழையையும் கூலியாளையும் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்.

பேரத்தைப் பொறுத்தவரை, அன்றைய விலை பலகையில் எழுதப்பட்டிருக்கிறது. அது மொத்தச் சந்தை விலைக்குச் சற்று மேலாகவும் வெளிக்கடை விலைக்குக் கீழாகவும் இருக்கும்படி காலையிலேயே முடிவு செய்யப்படுவது. வெளிக்கடையைவிடக் குறைவாக வாங்கிக்கொண்டு, அதிலும் 2 ரூபாயைக் குறைக்கச் சொல்வது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி (மேலூர் வாசகி): எங்கள் மகளிர் சுயஉதவிக் குழு, சுற்றுவட்டார உழவர்களிடம் நெல் வாங்கி, அரைத்து, ஊருக்குள்ளேயே அரிசியாக விற்கலாம் என்று நினைக்கிறது. உழவருக்கும் நல்ல விலை கிடைக்கும், எங்களுக்கும் வருமானம் வரும் என்பது கணக்கு. சரிவருமா?

பதில்: சரிவரும், ஆனால் முதல் ஆண்டு உங்கள் கையைக் கடிக்கக் கூடியது வாங்கும் விலை அல்ல, காத்திருக்கும் காலம். அதை விளக்கமாகவே சொல்கிறேன்.

2025-26 கொள்முதல் பருவத்தில் அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மாநில ஊக்கத்தொகையோடு சேர்த்துக் குவிண்டாலுக்கு, அதாவது 100 கிலோவுக்கு, பொதுரகத்துக்கு 2,500 ரூபாயும் சன்னரகத்துக்கு 2,545 ரூபாயும் கொடுக்கப்பட்டன. அதைவிடக் குறைத்துக் கேட்டால் நீங்களும் களத்துமேட்டுக்கு வரும் இன்னொரு வியாபாரிதான். 2,600 ரூபாய்க்கு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். 100 கிலோ நெல்லில் ரகத்தையும் நெல் காய்ந்திருக்கும் அளவையும் பொறுத்து 60 முதல் 67 கிலோ வரை அரிசி கிடைக்கும். 65 கிலோ என்று கணக்கிட்டாலும், நெல் அவிக்கும் கூலி, அரைவைக் கூலி, சாக்கு, வண்டி வாடகை எதுவும் சேராமலே கிலோவுக்கு 40 ரூபாய் விழுந்துவிடுகிறது. தவிட்டை யார் எடுத்துக்கொள்வது என்பதை ஆலைக்காரரிடம் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். தவிட்டுக்கு விலை உண்டு.

அடுத்தது ஈரப்பதம். கொள்முதல் நிலையத்தில் பொதுவாக 17 சதவீதம் வரை ஏற்பார்கள். நீங்கள் மாதக்கணக்கில் இருப்பு வைப்பதானால் அதைவிட நன்றாகக் காய வேண்டும். கருவி இல்லாவிட்டாலும், ஊரில் பெரியவர்கள் செய்வதுபோல ஒரு நெல்லை முன்பல்லில் வைத்துக் கடித்துப் பாருங்கள்: டக்கென்று உடைந்தால் காய்ந்தது, நசுங்கினால் இன்னும் 2 நாள் வெயில் வேண்டும்.

இனி காத்திருப்பு. ஒருபோகப் பாசனப் பகுதியான உங்கள் மேலூரில் தை, மாசியில் நெல் மொத்தமாக வந்து விழும். ஆனால் புது அரிசிச் சோறு குழையும். ஒருமுறை குழைந்தால் அடுத்த மாதம் அந்த வீட்டில் உங்கள் அரிசியை வாங்க மாட்டார்கள். ஆகவே குறைந்தது 6 மாதமாவது நெல்லாகவே வைத்திருந்து, தேவைக்கேற்ப அரைப்பதுதான் முறை. அரிசியாக வைத்தால் வண்டு விழும். அந்த 6 மாதமும் உங்கள் பணம் மூட்டைக்குள் முடங்கிக் கிடக்கும். குழுக் கடனுக்கோ வட்டி ஓடும். பல நல்ல முயற்சிகள் இந்த இடத்தில்தான் படுத்துவிடுகின்றன. உழவருக்குத் தர வேண்டிய பாக்கி நின்றுபோய், உதவப் போனவர்களே அவருக்குக் கடன்காரர்களாகிவிடுகிறார்கள்.

எனவே நெல்லைத் தேடிப் போகும் முன் வாங்குபவரைத் தேடுங்கள். தெரிந்த 20 குடும்பங்களிடம் பேசி, ஆண்டுக்கு எவ்வளவு அரிசி வேண்டும் என்று எழுதி வாங்கி, அதில் கால் பங்குத் தொகையையாவது முன்பணமாகப் பெறுங்கள். அந்த அளவுக்கு மட்டும் நெல் வாங்கி, உழவருக்குக் களத்திலேயே முழுப் பணத்தையும் கொடுங்கள். மற்றவர் தராத ஒன்றை நீங்கள் தருவதென்றால் அது 50 ரூபாய் கூடுதல் விலையைவிட இந்த உடனடிப் பணமாகவே இருக்கட்டும். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் தொழிலாளர் துறையின் முத்திரை பெற வேண்டும்; உணவுப் பாதுகாப்புத் துறையிலும் பதிந்துகொள்ளுங்கள். பெயர் அச்சிட்டுப் பை போடும் ஆசையைச் சற்றுத் தள்ளிவையுங்கள். 2022 ஜூலை முதல் பெயரிட்டுப் பொட்டலமாக விற்கும் 25 கிலோ வரையான அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்ததும், கடைகளில் திடீரென்று 26 கிலோ மூட்டைகள் முளைத்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தெரிந்தவர்களுக்கு அளந்து கொடுக்கும் உங்களுக்கு அந்தக் குழப்பமே தேவையில்லை.

கேள்வி (உசிலம்பட்டி வாசகர்): மல்லிகைப்பூ கிலோ ஆயிரக்கணக்கில் விற்றது என்று செய்தி வருகிறது. ஆனாலும் பூ விவசாயி நட்டம் என்கிறார். தெருவில் விற்கும் பூக்காரம்மாவிடம் முழத்துக்கு 5 ரூபாய் குறைத்துக் கேட்பது தவறா?

பதில்: மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனால் அதனால் பூவுக்குக் காத்திருக்கும் சக்தி வந்துவிடவில்லை. விடியுமுன் மொட்டாகப் பறித்தது அன்றே விற்றாக வேண்டும். மார்கழி, தைப் பனியில் செடி அதிகம் பூக்காது. தை பிறந்ததும் முகூர்த்தமும் பண்டிகையும் சேர்ந்து விலை உச்சத்துக்குப் போகும். விவசாயியிடம் அன்று கால் கூடை பூ இருந்தால் அதிகம். வெயில் காலத்தில் கூடை கூடையாகப் பூக்கும்போது, பறிகூலிக்குக்கூடக் கட்டாத விலைக்கு சென்ட் ஆலைக்குப் போய்ச் சேரும்.

பூக்காரம்மா காலையில் மாட்டுத்தாவணிச் சந்தையில் அன்றைய விலைக்கு வாங்கி, பகலெல்லாம் உட்கார்ந்து கட்டி, மாலையில் விற்கிறார். 6 மணிக்குக் குறைத்துக் கேட்டால் அது அவருடைய கட்டுக்கூலியிலிருந்துதான் போகும். இரவு 8 மணிக்குமேல் பூ மலரத் தொடங்கியதும் அவரே கூப்பிட்டுக் குறைத்துக் கொடுப்பார். வீட்டில் சாமி படத்துக்கு அந்தப் பூ தாராளமாகப் போதும்.