டீக்கடை பிரான்சைஸ் எடுக்கலாமா? ஏமாற்றினால் கேட்கச் சட்டம் இருக்கிறதா?

ஒரு கம்பெனியின் பெயரில் கடை நடத்தும் உரிமைதான் பிரான்சைஸ். அதை எடுத்து, இரண்டே வருஷத்தில் மூடியவன் நான். அதனால் இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் கிடையாது. 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், 1999ஆம் வருஷத்து டிரேட் மார்க் சட்டம் என்று அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்கித்தான் வழக்காட வேண்டும். மற்றபடி நீங்கள் கையெழுத்துப் போடும் அக்ரிமெண்ட்தான் எல்லாம். அதை எழுதுவது பிரான்சைஸ் தரும் கம்பெனியின் வக்கீல்.

அமெரிக்காவில் 1979 முதலே இதற்கு மத்திய அரசின் விதி இருக்கிறது. பணம் வாங்கவோ கையெழுத்து வாங்கவோ குறைந்தது 14 நாள் முன்பு, 23 தலைப்புகளில் தகவல் ஆவணம் கொடுத்தாக வேண்டும். கம்பெனி மேல் என்ன வழக்கு, தணிக்கையான கணக்கு, எத்தனை கடை மூடியது, விலகிப்போனவர்களை எப்படித் தொடர்புகொள்வது என எல்லாம் அதில் வரும். மலேசியாவிலும் 1998ஆம் வருஷத்துத் தனிச் சட்டம் உண்டு. எனக்குக் கிடைத்தது ஒரு வழவழ புரோஷரும் ஓர் எக்செல் தாளும். 18 மாதத்தில் போட்ட முதல் திரும்பிவிடும் என்று அந்தத் தாள் சொன்னது. தாளில் கம்பெனி பெயர்கூட இல்லை என்பதை வக்கீல்தான் பிறகு காட்டினார். அக்ரிமெண்டில் வேறு, 'வாய்மொழியாகச் சொன்ன எதுவும் செல்லாது' என்று ஒரு வரி.

நான் கோட்டைவிட்ட இடம் ராயல்டி, அதாவது பெயரைப் பயன்படுத்துவதற்காகக் கம்பெனிக்கு மாசாமாசம் கட்டும் பங்கு. லாபத்தில் 6% என்று நினைத்திருந்தேன். அது விற்பனையில் 6%. மாசம் 3 லட்சம் ஓடினால் 18,000 ரூபாய், கடை நஷ்டத்தில் போனாலும். அதன்மேல் 18% ஜிஎஸ்டி, 3,240. உணவகங்களுக்கான 5% ஜிஎஸ்டியில் இன்புட் கிரெடிட் (நாம் வாங்கியதற்குக் கட்டிய வரியை, நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) கிடையாது என்பதால் அந்தப் பணம் திரும்பி வராது. பால் பாக்கெட்டைத் தவிர டீத்தூள், கப், ஸ்ட்ரா எல்லாம் அவர்களிடமேதான் வாங்க வேண்டும், அவர்கள் சொன்ன விலைக்கு.

தகராறு வந்தால் டெல்லியில் ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்குப் பதில் நடுவர் விசாரித்துத் தீர்ப்பது), நடுவரைக் கம்பெனியே நியமிக்கும் என்றும் போட்டிருந்தது. வழக்கின் முடிவில் ஆதாயம் உள்ள தரப்பு தானாக ஒற்றை நடுவரை நியமிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொல்லிவிட்டது. சரி, டெல்லிக்கு ரயில் டிக்கெட் யார் எடுப்பது?

எடுக்கலாமா என்றால், மூடிய கடைகளின் பட்டியலைக் கேளுங்கள். தர மறுத்தால் நீங்களே தேடிப்பிடித்து இரண்டு பேரிடமாவது பேசுங்கள். எனக்கு அவர்கள் கூட்டிப்போய்க் காட்டிய மூன்று கடையும் திறந்து ஆறு மாசம்கூட ஆகாதவை.

ஒப்பந்தம் முடிந்ததும் போர்டைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் என் பெயரில் டீ போட்டேன். இரண்டு வருஷம் இந்தத் தொழிலே செய்யக் கூடாது என்று நோட்டீஸ் வந்தது. ஒப்பந்தம் ஓடும்போது அந்தத் தடை செல்லும். கோகோ கோலா வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றிருக்கிறது. முடிந்த பிறகு, தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்னும் ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவு குறுக்கே நிற்கும். வக்கீல் அதை எழுதி ஒரு பக்கப் பதில் அனுப்பினார். அதற்குப் பிறகு அங்கிருந்து கடிதமே வரவில்லை.