பனியன் டிசைன் போடுகிற கை ஓவியம் போடுமா?

கேள்வி: சின்ன வயதில் அப்பா அம்மாவோடு இலங்கையிலிருந்து வந்து பவானிசாகர் முகாமில் வளர்ந்தேன். இப்போது திருப்பூரில் ஒரு பிரிண்டிங் பட்டறையில் டிசைனர். குழந்தைகள் பனியனுக்கு டைனோசரும் பூவும் வரைந்தே வருசங்கள் போய்விட்டன. ஓவியக் கல்லூரிக்குப் போனதில்லை, வயது 38. வேலையை விட்டுவிட்டு ஓவியராகிவிடலாமா?

பதில்: தம்பி, வேலையை இப்போதைக்கு விட வேண்டாம். வாடகைப் பயத்தோடு வரைந்தால் விற்கிற படத்தைத்தான் கை தேடும், அதைத்தானே பட்டறையிலும் செய்கிறீர்கள்.

வயதைப் பற்றிய கவலைக்கு ஒருவரைச் சொல்கிறேன். வில்லெம் டி கூனிங் என்கிற ஓவியர், நெதர்லாந்தில் ராட்டர்டாம்காரர். 1926-ல் கப்பலில் ஒளிந்துகொண்டு, முறையான பேப்பர் எதுவும் இல்லாமல் அமெரிக்கா போய் இறங்கினார். வீடுகளுக்குப் பெயிண்ட் அடித்தார், விளம்பரப் படம் போட்டார். 1930-களில் ஓவியர்களுக்கென்று அரசு நடத்திய திட்டத்தில் வேலை கிடைத்து, குடியுரிமை இல்லை என்பதால் அதையும் விட வேண்டியதாகிவிட்டது. நியூயார்க்கில் முதல் தனிக் கண்காட்சி வைத்தது 1948-ல், 44 வயதை ஒட்டி. குடியுரிமை கிடைத்தது 1962-ல்தான். அந்தக் கண்காட்சியில் பேர் வாங்கிய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு அவர் எடுத்தது வீட்டுக்கு அடிக்கிற மலிவான எனாமல் பெயிண்ட். பிழைப்புக்குக் கற்றதை அவர் தூக்கிப் போடவில்லை, நீங்களும் போடாதீர்கள்.

ஒரு படத்தை நாலு கலராகப் பிரித்து, கலருக்கு ஒரு ஸ்கிரீன் போட்டு, இம்மி விலகினாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியுமே, அதை தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிற கண் உங்களுக்கு இருக்கும். கல்லூரியில் படித்த எத்தனையோ பேருக்கு அந்தக் கண் கிடையாது. அந்த வெள்ளைக் கோட்டை வேண்டுமென்றே விட்டுப் பாருங்கள். கேன்வாஸ் வாங்கக் காசில்லையென்றால் கட்டிங் வேஸ்ட் துணியில் போடுங்கள். துணி என்றால் மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள், 1966-ல் சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியவர்கள் பத்திக் துணி (மெழுகு வைத்துச் சாயம் ஏற்றுகிற துணி) செய்து விற்றுத்தான் தங்கள் ஓவியத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். நம் ஆதிமூலமும் பத்திரிகைகளுக்குக் கோட்டோவியம் போட்டுக்கொண்டேதான் உருவம் இல்லாமல் வரைகிற பெரிய அரூப ஓவியரானார்.

சிக்கல் கையில் இல்லை. இத்தனை வருசமும் என்ன வரைய வேண்டும் என்று சரக்கு வாங்குகிற பையரோ, ஆர்டரைப் பார்த்துக்கொள்கிற மெர்ச்சண்டைசரோ சொன்னார்கள், இனி யாரும் சொல்ல மாட்டார்கள். முதல் சில மாதம் பேப்பர் முன்னால் சும்மாவே உட்கார்ந்திருப்பீர்கள், பரவாயில்லை, உட்காருங்கள். ஞாயிறு காலையை அதற்கென்று ஒதுக்கி, ஒரே விசயத்தைத் திரும்பத் திரும்ப வரையுங்கள். பவானிசாகர் அணையில் பரிசல் போகுமே, அதுவாகவும் இருக்கலாம். முகாமில் வளர்ந்தவர் சோகத்தைத்தான் வரைய வேண்டும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். அழுகையோ சந்தோசமோ, எதை வரைவது என்பது உங்கள் பாடு, அந்த உரிமையை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுத்துவிடாதீர்கள்.

அப்புறம், கோவைக்குப் போகும்போது அவிநாசி ரோட்டில் கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடத்துக்குள் ஒரு நடை போங்கள். கண்காட்சி நடந்தால் படம் போட்டவர் பெரும்பாலும் அங்கேயே இருப்பார். கூச்சப்படாமல் பேசுங்கள், எந்தப் பெயிண்ட், ஃப்ரேம் எங்கே போட்டீர்கள், விலை எப்படி வைத்தீர்கள் என்று கேளுங்கள். பட்டறைக்காரருக்குக் கேட்கத் தெரிந்த கேள்விகள்தானே அவை.

கடைசியாக ஒன்று. சம்பளத்துக்கு வேலை பார்க்கும்போது கம்பெனிக்காக வரைந்த டிசைன், வேறு ஒப்பந்தம் எழுதியிருந்தாலொழிய, 1957-ஆம் வருசத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி முதலாளிக்குத்தான் சொந்தம். அதை ஃப்ரேம் போட்டு உங்கள் படமென்று மாட்டிவிடாதீர்கள். உங்கள் படங்களை உங்கள் நேரத்தில், உங்கள் பேப்பரில் வரைந்து, பேரும் தேதியும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.